டர்போ மேலேயா, கீழேயா

கல்கத்தாவில் எங்களிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. என் மைத்துனனுக்கு வேலை கிடைக்கும் முன்பே வாங்கியதால் கார் என் பெயரில். சாவி மட்டும் அவன் பையில். எண்பதுகளின் நடுவில், அதற்கு ஒரு டர்போ பொருத்தி குதிரைத்திறனை இரண்டு மடங்காக்கப் போவதாகச் சொன்னான்.

கரியாஹாட் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்கிடம், அதை எங்கே வைப்பதாக உத்தேசம் என்று கேட்டேன்.

"எஞ்சினுக்கு அடியில், தாதா. பானெட்டைத் திறந்தாலும் யாருக்கும் தெரியாது."

யாருக்குத் தெரியக்கூடாது? எஞ்சினில் கைவைத்தால் ஆர்.சி. புத்தகத்தில் பதியவேண்டும். பிடிபட்டால் விளக்கம் கேட்பது என்னிடம். "மேலேயே வையுங்கள், எல்லார் கண்ணிலும் படட்டும்" என்றேன்.

"மேல வெச்சா பிரேக் ஆயில் டப்பா சூடாகும், அத்திம்பேர்" என்றான் கூட வந்திருந்த மைத்துனன். "அவ்வளவு பயமா இருந்தா காரை என் பேருக்கு மாத்திக் கொடுத்துடுங்கோ."

மாற்றிக் கொடுத்தேன். படிவங்களை நானே பூர்த்தி செய்து, ஓரிடம் விடாமல் கையெழுத்துப் போட்டேன். தப்பித்தோம் என்று நிம்மதியாகவும் இருந்தேன்.

கார் தயாரானதும் வாசலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து காட்டினான். டர்போ மேலே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பிரேக் ஆயில் டப்பாவுக்குச் சூடு படாமல் ஒரு தகடு மறைத்திருந்தது.

"கீழேன்னு சொன்னியே?"

"இந்த ஊர் மழைக்கா? தெருவுல நிக்கற தண்ணியை முதல் நாளே குடிச்சுடுமே. அது தெரியாதா எனக்கு?" சாவியைச் சுழற்றினான். "ஒரு ரவுண்டு வரேளா, அத்திம்பேர்?"

நான் ஏறவில்லை. திரும்பி வருவதற்குள் இன்னும் எதில் கையெழுத்து வாங்குவானோ.