பிரேமலா டீச்சர் பிள்ளை தேடிப் போன கதை

பிரேமலா டீச்சருக்குத் தலைமையாசிரியை ஆகவேண்டுமென்று ஆசை. ஆசைப்படுவதில் தப்பில்லை. குரல் கணீரென்று இருக்கும், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் அந்த நாற்காலிக்கு அது மட்டும் போதாதாம். அரசாங்கப் பயிற்சியில் தேற வேண்டும். அதில் ஒரு பகுதி, வேறு பள்ளிக்குப் போய் அங்குள்ள தலைமையாசிரியர் பின்னாலேயே சில வாரம் சுற்றி வேலை பழகுவது. புது மருமகள் மாமியார் அடுப்படியில் நிற்கிற மாதிரிதான்.

அவளுக்குக் கிடைத்தது சிங்கப்பூர் எல்லையை ஒட்டி, உலு திராம் பக்கம் ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளி. தலைமையாசிரியர் ஜெயபாலன் அதிகம் பேசாத மனிதர். முதல் நாளே சொல்லிவிட்டார்: அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு ஐந்தே பிள்ளைகள் பதிந்திருக்கிறார்கள், இன்னும் நாலு பேரையாவது சேர்த்துக் காட்டினால்தான் அவளைப் பற்றி மேலே நல்லபடியாக எழுதுவார்.

பிரேமலா கண்ணாடி முன்னால் நின்று ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டாள். தாய்மொழி, பண்பாடு, வேர், விழுது, எல்லாம் அதில் இருந்தது. அதைச் சுமந்துகொண்டு ஷாமளா வீட்டுக்குப் போனாள். ஷாமளா தினமும் எல்லை தாண்டி சிங்கப்பூர் ஃபேக்டரிக்குப் போய் வருகிறவள். புருஷன் இல்லை. மகன் யுகேந்திரனைச் சீனமொழியில் பாடம் நடத்துகிற சீனப்பள்ளியில் போடப் போவதாகக் கேள்வி.

பேச்சு முடியும்வரை ஷாமளா வீங்கின காலை நீவிக்கொண்டே கேட்டாள். பிறகு கேட்டாள், "எல்லாம் சரிதான் டீச்சர். உங்க மக எந்த ஸ்கூல்ல படிக்குது?"

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. பிரேமலாவின் மகள் மலர் படிப்பது சீனப்பள்ளியில்.

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"சீன ஸ்கூல்லதான்மா."

"அப்புறம் எம்புள்ளய மட்டும் ஏன் கூப்பிட வந்தீங்க?"

அதற்குமேல் வேரும் வரவில்லை, விழுதும் வரவில்லை. உள்ளதைச் சொன்னாள். மாமியார் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டாள். சீனப்பள்ளியில்தான் சாயங்காலம்வரை வைத்துச் சோறு போட்டு, வீட்டுப்பாடமும் செய்ய வைத்து அனுப்பினார்கள்.

ஷாமளா காலை நீவுவதை நிறுத்தினாள்.

"எனக்கும் அதே கததான் லா. இவன் சீனம் படிச்சி என்னா கப்பலா ஓட்டப் போறான்? நான் வீடு வந்து சேர ஏழு மணி ஆவுது. அதுவரைக்கும் இவன யாரு பாக்குறது?"

மறுநாள் பிரேமலா மற்ற வீடுகளுக்குப் பேச்சை எடுத்துக்கொண்டு போகவில்லை. பள்ளி விட்ட பிறகு பிள்ளை எங்கே இருக்கும் என்று மட்டும் கேட்டாள். பல வீட்டில் அதே பதில். ஜெயபாலனிடம் வந்து சொன்னாள். பெற்றோர் சங்கம் கூடிப் பேசி, நூலக அறையைத் திறந்துவிட்டு, வேலை தேடிக்கொண்டிருந்த ஷர்மினி என்ற பெண்ணைச் சாயங்காலம் ஏழு மணிவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வைத்தது. மத்தியானச் சோறு கேன்டீனிலிருந்து.

ஷாமளா ஒரு லீவு நாளில் வந்தாள். முதலில் கழிவறைக்குள் போய் மோந்து பார்த்தாள். அப்புறம் சோற்றை வாயில் போட்டுப் பார்த்தாள். உப்புக் கம்மி என்று சொல்லிவிட்டு மகனைப் பதிந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஐந்து பேர் வந்தார்கள். ஜெயபாலன் நல்லபடியாகவே எழுதினார்.

மலர் இன்னமும் சீனப்பள்ளியில்தான் படிக்கிறாள். நடுவில் பிடுங்கி நட அவள் என்ன கத்தரி நாற்றா? யாராவது கேட்டால் பிரேமலா ஒளிக்காமல் சொல்லிவிடுகிறாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். அதற்குப் பிறகுதான் அவர்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேச்சே ஆரம்பிக்கும்.