முனிக்குக் கட்டிய கொப்பு

நாளைக் காலையில் இந்தக் காட்டுக்குள் நுழைந்து, சாயங்காலம் அந்தப் பக்கம் நல்லதண்ணி என்ற ஊரில் இறங்குவதாக என் திட்டம். வழி விசாரிக்க வந்தவன், மஸ்கெலியாவுக்கு மேலே தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து கூட வந்த முத்தையாவோடு நிற்கிறேன். மழை விட்டும் மூட்டம் கலையவில்லை. ஒற்றையடிப் பாதையின் வாயில், தாழ்ந்த கிளையொன்றில் நாலைந்து இலைக்கொப்புகள் கட்டித் தொங்குகின்றன.

“உள்ள போறவங்க முனிக்குக் கட்டுறதுங்க. திரும்பி வந்து அவங்கவங்களே அவுத்துருவாங்க,” என்கிறார் முத்தையா. “நீங்க இந்தப் பக்கமாத்தான் திரும்புவீங்களா?”

“இல்லை. அங்கேயே பஸ் ஏறிவிடுவேன்.”

“அப்பக் கட்டாதீங்க.”

மற்றதெல்லாம் பச்சையாக இருக்க, ஒன்று மட்டும் இலை உதிர்ந்து வெறும் குச்சியாகத் தொங்குகிறது. அது யார் கட்டியது என்று கேட்கிறேன்.

“எங்க மச்சான், அக்கா புருசன். போன வருசம் வெறகுக்குப் போனாரு. தோட்டத்துத் தொரைகூட ஆளு விட்டுத் தேடிப் பாத்தாருங்க. அதை யாரும் அவுக்கக் கூடாதுன்னு அக்கா சொல்லிருச்சு.”

நாளை போன வழியே திரும்பிவிடுவது என்று திட்டத்தை மாற்றிக்கொள்கிறேன். கிளம்பும்முன் கிட்டே போய்ப் பார்க்கிறேன். குச்சி உளுத்துவிட்டது. கட்டியிருக்கும் கயிறு மட்டும் புதிது.