எல்லாருக்கும் ‘மிக நன்று’

கல்வியியல் துறையில் அவளுக்கு ‘படிவம் மேடம்’ என்று பெயர். பன்னிரண்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறவள்தான். ஆனாலும் எந்தக் கணக்கெடுப்பு வந்தாலும் அவள் தலையில்தான் விடியும். இந்தத் தடவை வந்தது, மாணவர்களின் ஆய்வுத்திறனை அளக்கும் வினாத்தாள். நாற்பது வாக்கியங்கள். ‘எனக்குத் தரவு சேகரிக்கத் தெரியும்’ என்றிருந்தால், எந்த அளவுக்குத் தெரியும் என்று, ‘தெரியாது’ முதல் ‘மிக நன்று’ வரை ஐந்து கட்டங்களில் ஒன்றில் டிக் போட வேண்டும்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் நாலே நிமிஷத்தில் நீட்டிவிட்டார்கள். அநேகமாக எல்லாத் தாளிலும் மேலிருந்து கீழ்வரை ‘மிக நன்று’. ஒருத்தன் டிக் போடவும் சோம்பி, ஒரே கோடாக இழுத்திருந்தான். இப்படி ஆகும் என்று தெரிந்தேதான், உலகத்திலேயே இல்லாத ‘எதிர்ச்சுழல் மாதிரி முறை’ ஒன்றை அவளே இட்டுக்கட்டி நடுவில் செருகியிருந்தாள். அதிலும் நூற்று எழுபது பேர் கைதேர்ந்தவர்கள்!

பற்றிக்கொண்டு வந்தது. தாள்களைத் தூக்கிக்கொண்டு துறைத்தலைவர் அறைக்குப் போனாள்.

“சராசரி நாலரைக்கு மேல வந்திருக்கு. ஏம்மா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?”

“சார், இல்லாத முறையத் தெரியும்னு சொல்லியிருக்காங்க!”

“தன்னம்பிக்கைன்னு எடுத்துக்கோங்க.”

“ஒரு வேலை கொடுத்துப் பாக்கறேன் சார்.”

“கொடுங்க. திருத்துறது உங்க பாடு.”

முதலாம் ஆண்டில் எத்தனை பேர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வருகிறார்கள்? ஒரு வாரத்தில் கண்டுபிடித்து, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றும் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. வந்து சேர்ந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பாதிப்பேர் இணையத்திலிருந்து ‘போக்குவரத்தின் பயன்கள்’ என்று அச்செடுத்துத் தந்திருந்தார்கள். மூன்று பேர் வேறொரு கல்லூரியின் பெயரைக்கூட அழிக்கவில்லை.

கடைசியாக ஒரு மாணவி நோட்டுடன் வாசலில் தயங்கி நின்றாள்.

“மேடம், எனக்கு விடை கிடைக்கல.”

“நீயுமா? ஏன்?”

“மூணு நாள் காலையில கேட்டுல நின்னு அறுபத்தி நாலு பேர்கிட்ட கேட்டேன். ஒம்பதரைக்கு வகுப்புன்னு உள்ள வந்துட்டேன். தூரத்துல இருந்து வர்றவங்க அதுக்கப்புறம்தானே வருவாங்க? அவங்கள விட்டுட்டேனே மேடம். அப்ப என் கணக்கு தப்புதானே?”

மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “வினாத்தாள்ல எல்லாத்துக்கும் ‘தெரியாது’ன்னு போட்டது நீதானா?”

“ஆமா மேடம். நெஜமாவே தெரியாது.”

“உக்காரும்மா,” என்றாள். அந்த வாரத்தில் குரல் உயராமல் அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

‘இந்த வினாத்தாள் அளப்பது திறனை அல்ல, வாயை’ என்று அறிக்கையில் எழுதினாள். தலைவர் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு மீதியை மேலே அனுப்பினார். அடுத்த வருஷம் அதே வினாத்தாள் திரும்பி வந்தது. கூடவே ஒரு புது வரி: ‘விரும்பினால் செய்முறைப் பணியும் தரவும்.’

‘விரும்பினால்’ என்பதன்மேல் வெள்ளை மை தடவிவிட்டுத்தான் ஜெராக்ஸுக்கு அனுப்பினாள்.