கனடாவுக்கு உதவாத துணைப்பாடம்

பொருளியல் படிக்கிறேன் என்று சொன்னால் கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் யாருக்கும் அது ஒரு படிப்பாகவே படாது. டொக்டர் ஆகவில்லை, எக்கவுண்டன்டும் ஆகவில்லை, கடைசியில் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. அதனால் கீழ்வீட்டு அன்ரி என் படிப்பைப் பற்றிக் கேட்டால் அம்மா வேறொன்றைச் சொல்லிச் சமாளிப்பார். டிகிரி முடிந்ததும் மகள் கனடாவுக்கு மாஸ்டர்ஸ் செய்யப் போகிறாள் என்பார். எனக்கோ போக ஒரு துளி விருப்பமும் இல்லை. அதை அம்மாவிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

இரண்டாம் வருடத்தில் துணைப்பாடம் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா வீடியோ கோலில் வந்து, புள்ளிவிபரவியல் எடுத்தால்தான் அங்கே மதிப்பு என்று பிரசங்கம் செய்தான். உயர்தரப் பரீட்சையில் தான் கணிதத்தில் வாங்கிய பெறுபேற்றைப் பற்றி மட்டும் மூச்சுக்கூட விடவில்லை. அம்மா பின்னால் நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்தப் பாடம் என்னவென்று அவருக்குத் தெரியாது. கனடா கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதானே.

நான் சிங்களம் எடுத்தேன். கடையில் விலை குறைக்கிற சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இந்த நாட்டுப் பொருளாதாரத்தைப் படித்துவிட்டு, தெமட்டகொடையில் ஒரு சிங்கள வீட்டுக்குள் போய் இருந்து, இந்த மாதம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்க வாய் வராவிட்டால் அது என்ன படிப்பு?

அம்மாவிடம் சொன்னபோது கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மீன்காரனோடு கதைக்கிற அளவு தெரியுந்தானே, அதற்கு மேல் எதற்கு என்று கேட்டார். பிறகு ஏதோ உறைத்தது போல நிமிர்ந்தார்.

"கனடாவிலை சிங்களத்தை வைச்சு என்ன செய்யிறது?"

நான் குனிந்து, தரையில் சிந்திய கீரை இலைகளைப் பொறுக்கினேன்.

"அப்ப நீ போறேல்லை எண்டுதான் முடிவோ?"

"ஓமம்மா."

ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். அம்மா தண்டுகளைச் சட்டிக்குள்ளும் இலைகளைக் குப்பைக்குள்ளும் போட்டுக்கொண்டிருந்தார். அன்று எங்களுக்குக் கீரைக்கறி இல்லை. பின்னேரம் கீழ்வீட்டு அன்ரியிடம் போய், பெட்டை பிடிவாதக்காரி, இஞ்சைதான் இருக்கப் போகிறாளாம் என்று குறை சொல்லிவிட்டு வந்தார். குறை சொல்லப் போனவரின் முகம் அத்தனை தெளிவாக இருந்து நான் கண்டதில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணா கோல் எடுத்தான். செய்தி கேட்டதும் பொங்கிவிட்டான். அவளுக்குத்தான் விசர் என்றால் நீங்களும் ஏன் விட்டீர்கள் என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டான். அம்மா அவன் சொல்லி முடியும் வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு பிள்ளையை அனுப்பினது எனக்குப் போதும், ராசா."

அண்ணா திரைக்குக் கிட்ட வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு, "சாப்பிட்டீங்களோ அம்மா?" என்று கேட்டான்.