அஞ்சலை உலர்த்திய சோறு

மலாக்காவில் ஒரு மளிகைக் கடைக்குப் போய்ப் பால் டின் ஒன்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் அதை மேசைமேல் வைப்பார், ஆணியும் சுத்தியலும் எடுப்பார், உங்கள் கண்ணெதிரேயே ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார். மீன் டின்னுக்கும் அதே கதிதான். வீடு போய்ச் சேருவதற்குள் சேலையெல்லாம் மீன் எண்ணெய். வந்த புதிதில் இது தெரியாமல், "காசு கொடுத்து வாங்குகிற பொருளை உடைத்தா கொடுப்பீர்கள்?" என்று சண்டைக்கே போய்விட்டேன். சர்க்கார் உத்தரவாம். முழு டின்னாகக் கொடுத்தால் அது காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். ஓட்டை போட்டால் சீக்கிரம் கெட்டுவிடும், கெட்டுப் போவதை யாரும் கடத்த மாட்டார்கள். கும்பகோணத்திலிருந்து என் அண்ணன், "நீ டின் பால் குடிக்கிற தேசத்தில் இருக்கிறாய், உனக்கென்ன குறை" என்று எழுதுகிறான். இந்த நாட்டில் கெடாமல் இருக்கும் சாப்பாட்டைக் கண்டால் சர்க்காருக்குப் பயம் என்பதை அவனுக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் மலாக்கா டவுனில் அலுமினியப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். ஜப்பான் சண்டை முடிந்து கப்பல் விட ஆரம்பித்ததும் கல்யாணம் செய்து என்னை அழைத்து வந்தார். அவசர காலம் என்று சர்க்கார் அறிவித்த பிறகு கடையில் ஈ ஓட்டினோம். ரப்பர் தோட்டத்து ஜனங்களைக் கம்பிவேலிக்குள் அடைத்துவிட்டார்கள். வெளியே வர வேண்டுமானால் சோதனை, பஸ்ஸில் சோதனை, திரும்பிப் போகும்போது மறுபடியும் சோதனை. ஒரு சட்டி வாங்க யார் இந்தப் பாடு படுவார்கள்? "அவங்க வரலைன்னா நாம போவோம். எனக்குப் பேச வராது. உனக்குத்தான் வாய் இருக்கே, நீ வா" என்றார் அவர். இப்படித்தான் நான் தோட்டம் தோட்டமாகப் பம்ப் அடுப்பும் அடுக்குச் சட்டியும் தூக்கிக்கொண்டு போய், வீட்டு வாசலில் சமைத்துக் காட்டி விற்கிறவள் ஆனேன்.

பெம்பான் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு முதலில் போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலர்கள் ஒவ்வொரு சட்டிக்குள்ளும் கைவிட்டுத் துழாவினார்கள். பருப்பை ஒருவன் விரலால் அளைந்தான். நான் கொண்டுபோன அரைப்படி அரிசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்தத் தோட்டத்தில் எந்த வீட்டிலும் பச்சரிசி, புழுங்கலரிசி எதுவும் இருக்கக்கூடாதாம். பொதுவாக ஒரு கொட்டகையில் சோறாக்கி, வீட்டுக்கு இவ்வளவு என்று வேகவைத்த சோறாகவே அளந்து கொடுக்கிறார்கள். சோறென்றால் மறுநாளே புளித்துவிடும், காட்டுக்குப் போய்ச் சேராது என்பது கணக்கு. உலை வைக்காத வீடுகளுக்குச் சட்டி விற்க வந்திருக்கிறேனே என்று எனக்கே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு வாசலைத் தாண்டியதும் போய்விட்டது. அரிசி கழுவும் சத்தமே கேட்காத லயத்தை, தோட்டத்து வரிசை வீடுகளை, நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

கிராணியம்மா, அதாவது தோட்டத்துக் கணக்கரின் மனைவி, தன் வீட்டு வாசலில் இடம் கொடுத்தார். பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். யார் முகத்திலும் களையில்லை. அடுப்பை ஏற்றிச் சட்டியின் பெருமையை நான் பாட ஆரம்பித்தால், பாதிப் பேர் வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. சட்டியைக் கவிழ்த்துப் போட்டு, "விளையாடலாம் வாங்க" என்றேன். கிராணியம்மா கண்ணை மூடிக்கொண்டு சட்டியின் முதுகில் தாளம் தட்டுவார். ஒரு கரண்டி கைமாறிக் கைமாறிச் சுற்றி வரும். தாளம் நிற்கும்போது கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவள் ஒரு சமையல் குறிப்பு சொல்ல வேண்டும். மற்றவர்களுக்குத் தெரிந்த குறிப்பாக இருந்தால் கேலி. யாருக்கும் தெரியாத குறிப்பாக இருந்தால் அந்தக் கரண்டியே பரிசு.

அப்புறம் அந்த இடம் எப்படி மாறியது என்கிறீர்கள்! கரண்டியை நெருப்பைத் தொட்டதுபோல் அடுத்தவள் மடியில் எறிந்தார்கள். பருப்பு வேகும்போது ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டால் குழைந்துவிடும் என்றாள் ஒருத்தி. "இத எங்க வீட்டுக் கோழியே சொல்லும்" என்று இன்னொருத்தி மடக்கினாள். கறுத்த அலுமினியத்தில் புளிச்சக்கையைக் கொதிக்கவிட்டால் பளிச்சென்று ஆகும் என்பதை எனக்கே அங்கேதான் ஒருத்தி சொன்னாள். அன்று முதல் கடையில் அதை என் சரக்காகவே சொல்லி வருகிறேன். எங்கள் ஊரில் என் அண்ணி ரசப்பொடியில் என்ன போடுகிறாள் என்பதைக் கூடப்பிறந்த தங்கைக்கும் சொல்ல மாட்டாள். இங்கே பெயர்கூடத் தெரியாத எனக்கு எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே கொட்டினார்கள். சமைக்க அரிசி இல்லாதவர்கள் சமையலைப் பேசிப் பேசி வயிறு நிறைந்தார்கள். தாளத்தை வேகமாகத் தட்டச் சொன்னேன்.

கரண்டி அஞ்சலையின் கையில் நின்றது. சாரோங்கும் மலாய்ச் சட்டையும் போட்டிருந்த, ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டுகிற பெண். அவள் புருஷனை ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவில்லை. மகள் செல்வியும் அவளும் மட்டும்தான். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே எழுந்தாள்.

"மிஞ்சுன சோத்த வீசாதீங்க. நல்லா அலசிட்டு, சாக்குல ஒட்டாம உதுத்து வெயில்ல போடுங்க, கல்லாட்டம் காஞ்சிரும். உப்பு மொளகா போட்டுப் பெசஞ்சா வடகமா பொரிச்சிக்கலாம். ஒண்ணும் போடாம காய வெச்சா, வெந்நி ஊத்தி மூடுனாப் போதும், மறுபடியும் சோறு. ஜப்பான்காரன் காலத்துல இப்படித்தான் எம்புள்ளைய உசுரோட வெச்சிருந்தேன்."

யாருக்கும் தெரியாத குறிப்பு. சோற்றை வடகமாகப் பிழிவார்கள், ஆனால் வெறும் சோற்றை உலர்த்தி மறுபடி சோறாக்கலாம் என்று அங்கே ஒருவரும் அறிந்ததில்லை. "ஆத்தாடி, பெரிய ஆளுலா நீ!" என்று கூச்சல் போட்டார்கள். கரண்டியை நானே அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைச் சாரோங் நுனியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

அடுத்த வாரம் லயம் முழுக்கச் சாக்குகளில் சோறு காய்ந்தது. ரோந்து வந்த போலீஸ்காரர்கள் கண்ணில் அது பட்டது. கெடாத சோறு! அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டிருக்கிறார்கள். நம் பெண்களுக்கு அது குற்றம் என்றே தோன்றவில்லை. "அஞ்சலதாங்க சொன்னா, பரிசுகூட வாங்கினாளே" என்று பெருமையாகக் கைகாட்டினார்கள். அவள் வீட்டில் அந்தக் கரண்டியும் இருந்தது, ஒரு பானை நிறைய உலர்ந்த சோறும் இருந்தது. அவளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

கிராணி எங்கள் கடைக்கு ஓடிவந்தார். "தங்கச்சி, வெளையாட்டுன்னு நீங்க வந்து சொன்னாத்தான் தொரை நம்புவாரு. இல்லன்னா காட்டுக்குச் சாப்பாடு அனுப்பினான்னு உள்ள போட்ருவாங்க. அப்புறம் நாடு கடத்துறதுதான்" என்றார். என் வீட்டுக்காரர் யோசித்தார். நான் யோசிக்கவில்லை. அடுப்பையும் வாணலியையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாயால் சொன்னால் வெள்ளைக்காரனுக்குப் புரியாது, அஞ்சலை கையாலேயே பொரித்துக் காட்டினால், இது குழந்தைகள் தின்கிற பண்டம் என்று தின்றாவது தெரிந்துகொள்வான் என்பது என் எண்ணம்.

போலீஸ் நிலையத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இளவயது வெள்ளைக்கார அதிகாரி உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது. கிராணி நடுவில் நின்று மொழிபெயர்த்தார். கரண்டி சுற்றும் விளையாட்டை நான் நடித்தே காட்டினேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தாளம் எப்போது நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது யார்?" கிராணியம்மா கண்ணை மூடிக்கொண்டு அவர் இஷ்டத்துக்கு நிறுத்துவார் என்றேன். அதிகாரி கிராணியை ஏற இறங்கப் பார்த்தார். கிராணிக்கு வேர்த்துக் கொட்டியது. அஞ்சலைக்குத்தான் கரண்டி போக வேண்டும் என்று முன்னாலேயே பேசி வைத்ததாக அதிகாரி நினைக்கிறார் என்பது எனக்கு அப்புறம்தான் விளங்கியது. ஊரில் குழந்தைகள் விளையாடுவதை இங்கே துப்பறிகிறார்கள்.

அஞ்சலையை அழைத்து வந்தார்கள். தலைகூட வாரியிருக்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்ததும் அவள் கொஞ்சம் தெளிந்தாள். அவள் வீட்டில் கைப்பற்றிய உப்பு மிளகாய் போட்ட சோற்றையே எண்ணெயில் போட்டாள். அது பொரிந்து பூவாக மேலே வந்தது. அதிகாரி ஒன்றை எடுத்துக் கடித்தார். இன்னொன்று எடுத்தார். நிஜமாகவே சிரித்தார். மலாய்ப் போலீஸ்காரருக்கும் கொடுத்தார். பிழைத்தோம் என்று நான் மூச்சுவிட்டேன்.

சிரித்த முகத்தோடேயே அவர் கிராணியிடம் ஏதோ கேட்டார். கிராணி திரும்பி, "அஞ்சல, இது எவ்ளோ நாளு கெடாம இருக்கும்னு தொரை கேக்குறாரு" என்றார். கேட்கும்போதே அவர் குரல் தடுமாறியது. அவளுக்கு அது தெரியவில்லை. சாப்பிட்டவர் பிடித்துப்போய்ப் பக்குவம் கேட்கிறார் என்றுதான் அவளுக்குத் தோன்றியிருக்கும். நம்மில் எவளைக் கேட்டாலும் அந்த இடத்தில் வேறு பதில் வராது. ஊறுகாயோ வடகமோ எதுவானாலும், கெடாது என்பதுதானே கைக்குக் கிடைக்கிற பெரிய மரியாதை?

"ஒரு வருசமானாலும் கெடாதுங்க தொரே! எங்க கொண்டுபோனாலும் அப்படியே இருக்கும்" என்றாள் அஞ்சலை, முகமெல்லாம் மலர்ந்து.

நான் கிராணியைப் பார்த்தேன். ஒரு வாரம் என்று அவர் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் மூவர்தான் என்று நான் நினைத்தேன். அவருக்கு அப்படி நினைக்கத் தைரியம் வரவில்லை, ஏற்கனவே தன் வீட்டு வாசல்மேல் சந்தேகம் விழுந்திருக்கிறது. அவள் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி கையிலிருந்த வடகத்தை மேசையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அதன்பின் அவர் சிரிக்கவில்லை. கிராணியை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பார் என் வீட்டுக்காரர். இருக்கட்டுமே, செல்வி மட்டும் என்ன மரத்திலா காய்த்தாள்?

என்னை விட்டுவிட்டார்கள். என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது, எந்தக் கப்பலில் வந்தேன், எந்த ஊர்க்காரி, யார் மனைவி என்பதெல்லாம் அதில் இருந்தது. அஞ்சலை அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவள், அதற்கு அவளிடம் ஒரு காகிதமும் இல்லை. எங்கிருந்தும் வராதவளுக்கு என்ன காகிதம் இருக்கும்? பல மாதம் முகாமில் வைத்திருந்துவிட்டு, மகளோடு சேர்த்து இந்தியாவுக்கு அனுப்ப உத்தரவாயிற்று. அங்கே உன் ஊர் எது என்று கேட்டார்களாம். "அப்பா திருச்சிப் பக்கம்னு சொல்வாரு" என்பதற்கு மேல் அவளுக்குத் தெரியவில்லை. நான் என் அண்ணன் விலாசத்தைக் கொடுத்தேன். அண்ணி என்ன சொல்வாளோ என்று பயமாகத்தான் இருந்தது, இருந்தாலும் கொடுத்தேன்.

அவர்களைக் கப்பலேற்ற கிள்ளான் பக்கத்துத் துறைமுகத்துக்குப் போனேன். தகரக் கொட்டகை ஒன்றில் போலீஸ் காவலோடு அஞ்சலையையும் செல்வியையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அஞ்சலை அதே சாரோங்கில் இருந்தாள். நான் கொண்டுபோன சேலையைக் கொடுத்தால், "கட்டத் தெரியாதுக்கா, கப்பல்ல வெச்சுப் பழகிக்கிறேன்" என்று பெட்டிக்குள் வைத்தாள். பெட்டியை மூடிவிட்டு, "அங்க சோத்த காய வெச்சா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாக்கா?" என்று கேட்டாள். சொல்ல மாட்டார்கள் என்றேன். பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். செல்வி என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

கப்பலுக்குப் போகிற வாசலில் வேறொரு மலாய்ப் போலீஸ்காரர் நின்றார். என் சேலையையும் மூக்குத்தியையும் பெட்டியையும் பார்த்தார். என்னையும் செல்வியையும் உள்ளே போகச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, பின்னால் வந்த அஞ்சலையை வழியனுப்ப வந்தவர்கள் பக்கம் ஒதுங்கி நிற்கச் சொன்னார். எனக்கு மலாய் சரியாக வராது, விழித்துக்கொண்டு நின்றேன். அஞ்சலைதான் முன்னால் வந்து, அவள் பிறந்த நாட்டு மலாயில், கோபமே இல்லாமல், "புக்கான் டியா, துவான். சாயா" என்றாள். அவங்க இல்லங்க, நான்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அஞ்சலை என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள், பிறகு செல்வியின் கையையும். எனக்குக் காட்டிய வழியில் அவள் போனாள். அவளை நிற்கச் சொன்ன இடத்தில் நான் போய் நின்றேன்.