ஜைத்தூன் அக்காவின் பச்சை நம்தா

சென்ற வெள்ளிக்கிழமை காலை பூஜையை முடித்துவிட்டு, சாயப்பானையை அடுப்பில் ஏற்றி மூடி போட்டிருந்தேன். பானைக்குள் பச்சைச் சாயத்தில் ஒரே ஒரு கம்பளி விரிப்பு. சூடேறிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். வாசலில் காதர் வந்து நின்றான். ஜைத்தூன் அக்காவின் மகன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். எப்போதும் சத்தமாகப் பேசிக்கொண்டே உள்ளே வருகிறவன் அன்று படியிலேயே நின்றுவிட்டான்.

"அம்மா மவுத்தாயிட்டாங்க, சாச்சி. சுபுஹு தொழுதுட்டு சுவத்துல சாஞ்சவங்கதான்."

தன் தாயின் தங்கையைக் கூப்பிடுகிற சொல்லால்தான் அவன் என்னைக் கூப்பிடுவான். அக்கா போய்விட்டார் என்றதும், எரிந்துகொண்டிருந்த விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு அப்படியே கிளம்பிவிட்டேன். பானையை இறக்கவில்லை. அதிலிருந்த விரிப்பு அக்காவுக்காகச் செய்தது. தொழும்போது முழங்கால் நோகிறது, தடிமனாக ஒன்று போட்டுக்கொடு என்று கேட்டிருந்தார்.

நம் மாதர் சங்கத்துச் சகோதரிகள் பலருக்கு அவர் சிரிப்பு தெரியும். அவரோடு வேலை செய்தவள் என்ற முறையில் நான் கண்டதை எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். மற்றதெல்லாம் கையில் கிடைத்த தாளைப் படித்துக் கற்றதுதான். தறியும் நூலும் இல்லாமல், ஆட்டு ரோமத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து அமுக்கியே துணி செய்யலாம், அதற்கு ‘பெல்ட்’ என்று பெயர் என ஒரு வாரப் பத்திரிகையில் பார்த்தேன். எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறிக் கோரிப்பாளையம் போய்க் கடை கடையாக "பெல்ட் இருக்கா?" என்று கேட்டேன். மூன்று கடையிலும் இடுப்பு பெல்ட்டை எடுத்துக் காட்டினார்கள். மூன்றாவது கடைக்காரர் சிங்கமுகம் போட்ட ஒன்றை நீட்டி, "சாருக்கு எம்புட்டு இடுப்பும்மா?" என்றார்.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. "ஏம்மா, நீங்க கேக்குறது இடுப்புக்கா, குதிரைக்கா?"

நான் விவரம் சொன்னேன். "அட, நம்தாவைத்தான் இப்படிச் சுத்தி வளைச்சுக் கேக்குறீங்களா! குதிரைச் சேணத்துக்கு அடியில போட எங்க வீட்டுல செய்யிறதுதான். வாங்க, காட்டுறேன்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனவர்தான் ஜைத்தூன் அக்கா.

அவர் வீட்டில் நம்தா உண்டு, நிறம் இல்லை. எனக்கோ சேலைக்குச் சாயம் போட்டுப் பழகிய கை. எந்தப் பொடி எத்தனை சிட்டிகை, படிகாரம் எவ்வளவு, எத்தனை நிமிடம் என்று எல்லாவற்றுக்கும் நோட்டில் கணக்கு வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு அன்றே எனக்குக் ‘கணக்குப்பிள்ளை’ என்று பெயர் வைத்துவிட்டார்.

ரோமம் பார்ப்பதில் அவர் கைதான் அவருக்குத் தராசு. ஒரு கிள்ளு எடுத்துச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டுவார். அல்ஹம்து சூராவை மூன்று தடவை ஓதி முடிப்பதற்குள் அது இறுகி உருண்டையாகிவிட வேண்டும். பிரிந்து பிரிந்து வந்தால் தள்ளிவிடுவார். நான் அந்த நேரத்தை ‘சிவாய நம ஐம்பது தடவை’ என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். இரண்டும் ஒரே நேரம்தான், சோதித்துப் பார்த்தோம்.

"முதுகு மயிரும் தோள் மயிரும் போதும். வயிறு, கால் வேணாம். அது சாயத்தைக் குடிக்காது" என்பார். நான் ‘ரோமம்’ என்றே சொல்வேன். மற்ற சொல் நாக்கில் வராது. "மயிரை மயிருன்னு சொல்ல என்ன கூச்சம்? ஆடு கோவிச்சுக்குமா?" என்று விழுந்து விழுந்து சிரிப்பார்.

எங்களுக்கு முதல் பெரிய வேலை பஜனை மடத்திலிருந்து வந்தது. மார்கழி பஜனைக்கு, உட்கார்ந்து ஜெபிக்க இருபத்தேழு ஆசனம், காவிச் சிவப்பில். மடத்துத் தலைவி சிவகாமி அம்மாளிடம் நான்தான் வாக்குக் கொடுத்தேன். இது சரியாக அமைந்தால் எங்கள் வேலை நிலைத்துவிடும். இல்லாவிட்டால் குதிரைக்கே திரும்ப வேண்டியதுதான். பதினாறு முடிந்த நிலையில் அக்காவுக்குக் காய்ச்சல். ரோமம் வாங்க நான் தனியாகப் போனேன்.

வியாபாரி இரண்டு மூட்டையைப் பிரித்துக் காட்டினார். ஒன்று பழுப்பு, எண்ணெய்ப் பிசுக்கு, ஆட்டு வாடை. மற்றது பூப்போல வெள்ளை. சாமிக்கு முன்னால் போடுகிற பொருள், மடியாக இருக்க வேண்டாமா? வெள்ளையை வாங்கி வந்து நானே பதினோரு ஆசனம் அமுக்கினேன். தொய்வாகத்தான் வந்தது. சாயத்தில் போட்டால் அங்கொரு திட்டு இங்கொரு திட்டு.

காய்ச்சல் விட்டு வந்த அக்கா, மிச்சமிருந்த வெள்ளையை எடுத்து முகர்ந்தார். உருட்டவே இல்லை.

"சுண்ணாம்பு வாடை. இது உசுரோட இருக்கிற ஆட்டுல கத்தரிச்சது இல்ல. அறுத்த ஆட்டுத் தோல்ல சுண்ணாம்பு தடவி உரிச்சது. அதான் இம்புட்டு வெள்ளை."

சுத்தம் சுத்தம் என்று நான் தேடி எடுத்தது இதைத்தானா! பஜனைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. உண்மையை எழுதுகிறேன்: "அக்கா, அரக்கு நிறத்துல ஒரு முக்கு முக்கிட்டா திட்டு தெரியாது. யாருக்கும் தெரியாது" என்று சொன்னவள் நான்தான்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்க சாமிகிட்ட உட்காருற சாமான். எங்க வீட்டுல இருந்து போகுது. நாளைக்கு ஒரு ஆளு ‘பாய் வீட்டுல குடுத்தாக, இப்படிப் பண்ணிட்டாக’ன்னு சொல்லணுமா? யாருக்கும் தெரியாதுங்கிற. நம்ம ரெண்டு பேரும் யாரும் இல்லையா?"

பிறகு அவரே கேட்டார்: "அலங்காநல்லூருக்கு எத்தனை மணிக்கு பஸ்சு, கணக்குப்பிள்ளை?"

அங்கே வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். அக்காவுக்கு மூச்சு வாங்கியது, வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் ஆட்டுக்காரரிடம் போனேன்.

"அண்ணே, ரோமம் வேணும்."

"என்னாது?"

"ஆட்டு ரோமம்ணே."

"ராமரா? கோயிலு அந்தப் பக்கம்ல இருக்கு."

நான் கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகச் சொன்னேன்: "மயிர்ணே! மயிரு வேணும்!"

வரப்பில் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. "இதுக்கா ரெண்டு பேரும் பஸ்சு ஏறி வந்தீக?" என்று தலையில் அடித்துக்கொண்டாலும், எங்கள் கண் முன்னாலேயே முதுகும் தோளுமாகக் கத்தரித்துக் கொடுத்தார் அந்த மனிதர்.

பஜனைக்குள் ஒன்பதுதான் முடிந்தது. இரண்டு குறைவு. சிவகாமி அம்மாளிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், நான் சொன்ன அரக்குச் சாய யோசனை உட்பட. அவர் "அந்தம்மாவிடம் அடுத்த வருஷத்துக்கும் சொல்லி வையுங்கள். ரெண்டு பேர் பாயில் உட்கார்ந்தால் சாமி எழுந்து போய்விடாது" என்றார். பாயில் உட்கார்ந்த இருவரில் ஒருத்தி நான், மற்றவர் சிவகாமி அம்மாள். திட்டுப் பட்ட பதினொன்றும் ஜட்கா ஸ்டாண்டுக்குப் போயின. "குதிரைக்கு மடியும் கிடையாது, கணக்கும் கிடையாது" என்றார் அக்கா.

அவரோடு எனக்கு ஒரே ஒரு சண்டை கடைசி வரை இருந்தது. சாயம் ஏறிக்கொண்டிருக்கும்போது நான் நிமிடத்துக்கொருதரம் மூடியைத் திறந்து பார்ப்பேன். "திறக்காதடி! நம்தா தடி சாமான். மெதுவாத்தான் குடிக்கும். அடுப்பை அவிச்சிட்டு, பானையிலேயே ஆற விடு. தண்ணி தெளிஞ்சிருந்தா சாயம் பூரா உள்ள போயிருச்சுன்னு அர்த்தம்." சரி சரி என்பேன். ஆனாலும் திறந்துவிடுவேன். என் துண்டுகள் எப்போதும் நடுவில் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும்.

அன்று அடக்கம் முடிந்து, பெண்களோடு இருந்துவிட்டு வீடு திரும்பியபோது விளக்கேற்றும் நேரம். குளித்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். தணல் தானே அவிந்து பானை சில்லிட்டிருந்தது. மூடியை எடுத்தேன். தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிந்து, அடியில் விரிப்பு தெரிந்தது. ஓரத்தை மடித்துப் பார்த்தேன். உள்வரை ஒரே பச்சை, ஒரு திட்டு இல்லை.

நிழலில் உலர்த்தி, அதைக் காதரின் மனைவியிடம் கொடுத்தேன். கையில் வாங்கியவள் ஒரு ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்து, "முதுகு மயிருதானே, சாச்சி?" என்றாள். மாமியார் கை அவளுக்கும் வந்திருக்கிறது. சொல்லிவைத்த ஆசனங்களை இனி நாங்கள் இருவரும் செய்வதாக முடிவு.

எனக்கென்று நான் வைத்துக்கொண்டது நோட்டில் ஒரு வரி. அந்தப் பச்சைக்கு எத்தனை சிட்டிகை பொடி, எவ்வளவு படிகாரம் என்று வழக்கம்போல எழுதினேன். நேரம் என்ற இடத்தில் மட்டும் நிமிடக் கணக்கு இல்லை. ‘ஆறும் வரை’ என்று எழுதியிருக்கிறேன்.