பெல்ட்டில் கட்டிய மஞ்சள் துணி

கொழுந்துக் கூடையில் அடையாளத்துணி கட்டுவது எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். நிறுப்பதற்காகக் கொழுந்து மடுவத்தில் கூடைகளை வரிசையாக வைத்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் ஒவ்வொருத்தியும் பழைய சட்டையில் ஒரு துண்டைக் கிழித்துத் தன் கூடைக் கயிற்றில் முடிந்து வைப்போம். என்னுடையது மஞ்சள். பிள்ளையின் பையிலும் அதே துணியில் ஒரு துண்டு இருக்கும், பால் போத்தல் மாறிவிடக் கூடாதே என்று. அடுத்தவளின் துணியை யாரும் தொடுவதில்லை. மற்றவள் கூடையிலிருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளிப் போட்டுக்கொள்பவள்கூட அவள் துணியில் கை வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் இடக்கைக்காரி. என் முடிச்சு மற்றவர்களுடையதற்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருக்கும். அதைச் சொல்லி என்னைக் கேலி செய்யாத ஆள் தோட்டத்தில் கிடையாது.

துணிக் கதையை முதலில் சொல்லிவிட்டேன். நான் ஏமாந்தது அதில்தான்.

எங்கள் தோட்டம் பூனாகலைக்குக் கீழே, கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும் ரோட்டில் இருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் நிறைந்த கூடையோடு சறுக்கி விழுந்தேன். பதுளை ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டொக்டர், இனிமேல் பாரம் தூக்கக் கூடாது, மேட்டில் ஏறக் கூடாது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேயிலை மலையில் பாரமும் மேடும் இல்லாத வேலைக்கு எங்கே போவது?

ஒரே ஒரு வேலை இருந்தது. பிள்ளை மடுவத்து ஆயா வேலை. மலைக்குப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு மாலையில் வாங்கிப் போகும் இடம் அது. என் மகனும் அங்கேதான் இருந்தான், அப்போதுதான் ஓடப் பழகியிருந்தான். பிள்ளைகளைத் தூக்குவதும் பாரம்தான். ஆனால் தட்டையான தரை, தலைக்கு மேலே கூரை. அங்கிருந்த ஆயாவுக்கு ஓய்வு பெறும் வயது வந்திருந்தது. அந்த வேலை கிடைத்தால் என் முதுகு தப்பும், கிடைக்காவிட்டால் கொஞ்ச காலத்தில் நிமிர்ந்து நடக்கவே முடியாமல் போகும். இது எனக்குத் தெரியும், என் பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்து எடுப்பவளுக்கும் தெரியும்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டு ஒரே நாளில் நாங்கள் இருவரும் மலையில் பேர் பதிந்தோம். அன்று முதல் அவள் நிரை என் நிரைக்குப் பக்கத்தில். நான் விழுந்தபோது தன் கூடையை அப்படியே போட்டுவிட்டு என்னை முதுகில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். பிறகு பல மாதம் சாயங்காலங்களில் லயத்து வரிசை வீட்டில் என் காம்பராவுக்கு வந்து எண்ணெய் போட்டு உருவிவிட்டாள். எந்த இடத்தில் அழுத்தினால் நான் துடிப்பேன், எந்த இடத்தில் அழுத்தினால் மூச்சு விடுவேன் என்பது டொக்டரைவிட அவள் விரலுக்குத்தான் நன்றாகத் தெரியும். கூடப்பிறந்தவள் இல்லாத எனக்கு அவள்தான் எல்லாம். அவளோ கல் மாதிரி உடம்புக்காரி. ஒரு நாளும் தலைவலி என்று படுத்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் பதுளையிலிருந்து ஒரு மிஸ் வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என்னைவிட வயது குறைவு. ஏதோ ஒரு நிறுவனம் அவரை அனுப்பியிருந்தது. முதுகு வலியுள்ள கொழுந்துக்காரிகளுக்கு யோகா சொல்லித்தருவதாகச் சொன்னார். எங்கள் முகத்தில் நம்பிக்கை இல்லாததைப் பார்த்து ஒரு பெல்ட்டை எடுத்துக் காட்டினார். அகலமான துணிப் பட்டை, நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சர். இடுப்பில் கட்டிக்கொண்டால் முதுகு அளவு மீறி வளையும்போது விர்ரென்று அதிரும், மூச்சை அடக்கினாலும் அதிரும். எத்தனை முறை அதிர்ந்தது என்பது அவருடைய போனுக்குப் போய்விடும்.

"இதெல்லாம் தொரைக்குப் போகுமா மிஸ்?" என்று, தோட்டத்து மேனேஜர் துரையை நினைத்து, நான்தான் கேட்டேன்.

"ஐயோ, பயப்பிடாதேங்கோ அக்கா. இது உங்கட உடம்புக்காக மட்டும்தான். வேற ஒருத்தருக்கும் காட்டமாட்டன்."

ஒவ்வொரு பெல்ட்டையும் ஒவ்வொருத்தியின் பெயரில் போனில் பதிந்தார். சென்சரின் பின்பக்கத்தில் எறும்பு சைசில் ஓர் எண் இருந்தது. ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் கட்ட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார். நாங்களும் பெரிதாகத் தலையாட்டினோம். அவர் பஸ் ஏறியதும் ஆளாளுக்குக் கூடைத் துணியில் ஒரு துண்டைக் கிழித்து பெல்ட்டில் முடிந்துவிட்டோம். நான் மஞ்சள், அவள் பச்சை. அதன் பிறகு யாரும் அந்த எண்ணைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூடைக்குப் போதுமான அடையாளம் பெல்ட்டுக்குப் போதாதா என்ன?

ஞாயிற்றுக்கிழமைகளில் மிஸ் வருவார். மற்ற நாட்களில் மலையிலிருந்து இறங்கி, பிள்ளை மடுவத்து ஹோலில் நாங்களே செய்தோம். பெல்ட்டுகள் அங்கே ஒரு தகரப் பெட்டியில் இருந்தன.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனது கொஞ்சம் இளகுகிறது. குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும்போது, வலி வருவதற்குச் சற்று முன்னாலேயே பெல்ட் அதிரும். போதும், நிறுத்து என்று அர்த்தம். மலையில் எனக்கு யாரும் போதும் என்று சொன்னதில்லை. கங்காணி சொன்னதில்லை, கணக்கப்பிள்ளை சொன்னதில்லை, நானே எனக்குச் சொல்லிக்கொண்டதும் இல்லை. என் பெல்ட் ஓயாமல் அதிர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, அது அதிரும் முன்பே நிறுத்தப் பழகினேன். மூச்சு எங்கே முட்டுகிறது, இடுப்பில் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அப்போதுதான் முதல் முறையாகக் கவனித்தேன்.

நான் வலியை வெளியே காட்டுகிறவள் இல்லை. மிஸ் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வேன். அவளோ ஞாயிற்றுக்கிழமைகளில் கூரை கிழியக் கத்தினாள்.

"என்னடி, புள்ள பெறுறவ மாதிரி கத்துற?" என்று கேலி செய்தேன்.

"ஒனக்கு என்னடி தெரியும்? இங்கதான் புடிச்சு இழுக்குது" என்று இடுப்புக்கு மேலே, இடப்பக்கம் கையை வைத்துக் காட்டினாள்.

எனக்குப் பாவமாகிவிட்டது. என்னைச் சுமந்ததால் வந்த வலியோ என்று குற்றவுணர்ச்சி வேறு. எனக்கென்று வாங்கி வைத்திருந்த எண்ணெயை அவளுக்குக் கொடுத்தனுப்பினேன். அவளும் வாங்கிக்கொண்டாள்.

வகுப்பு முடியும் சமயத்தில் ஒரு நாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் பிரிக்கும்போது, கணக்கப்பிள்ளை அறிவித்தார். பிள்ளை மடுவத்து ஆயா வேலை அவளுக்கு. எல்லோரிலும் மோசமான முதுகு அவளுடையது என்று மிஷினே சொல்லிவிட்டதாம். துரை கேட்டதும் மிஸ் எடுத்துக் கொடுத்துவிட்டாராம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒன் முதுகு நல்லாயிருச்சு புள்ள. போன்லயே வந்திருக்கு. இனி முதுகு வலின்னு லீவு கேட்டு வராத."

அந்த நேரத்தில் நான் அவள்மேல் சந்தேகப்படவே இல்லை. என் முதுகைத்தான் சந்தேகப்பட்டேன். பெல்ட் அத்தனை முறை அதிர்ந்ததே, அது என் நினைப்பா? நல்ல முதுகை வைத்துக்கொண்டு செல்லம் கொஞ்சுகிறேனா? அப்படி நினைத்துக்கொண்டே மேட்டு மலைக்குப் போய்க் கூடையை நிரப்பினேன். சாயங்காலம் கூடையை இறக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. அப்போதும் வலியை நம்பவில்லை, போனைத்தான் நம்பினேன். இதை எழுதும்போதுகூட ஆத்திரமாக வருகிறது.

பெல்ட்டுகளைத் திருப்பிக் கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமை, துணிகளை அவிழ்த்துவிட்டுத் தரும்படி மிஸ் சொன்னார். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் மஞ்சள் துணியை அவிழ்க்கப் போனேன். விரல் தடுமாறியது. முடிச்சு என்னுடையதைப் போல இல்லாமல் மற்றவர்களுடையதைப் போலத் திரும்பியிருந்தது. அது வலக்கை போட்ட முடிச்சு. இத்தனை நாளும் துணியின் நிறத்தைத்தான் பார்த்திருக்கிறேன், முடிச்சைப் பார்க்கவில்லை. பச்சைத் துணி கட்டிய பெல்ட்டை எடுத்து, பின்னாலிருந்த எண்ணை மிஸ்ஸிடம் காட்டி, இது யாருடையது என்று கேட்டேன். போனைப் பார்த்துவிட்டு, "உங்கட பேர்தான் அக்கா" என்றார். அவருக்கும் விளங்கிவிட்டது. என் இடுப்பில் அதிர்ந்ததெல்லாம் அவள் பேரில் போயிருக்கிறது.

அவள் ஹோலின் மறுகோடியில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். குனிந்து குனிந்து, ஒரு முனகலும் இல்லாமல். மஞ்சள் துணி பெல்ட்டோடு போய் நின்றேன்.

"இந்த முடிச்ச யாரு போட்டது?"

அவள் தலை குனியவில்லை. "நாந்தான். மொத வாரமே மாத்திட்டேன்."

"ஏன்டி?"

"ஒனக்குப் புருசன் கொழும்புல சம்பாரிச்சு அனுப்புறான். எனக்கு யாரு இருக்கா? நானும் ஒரு நாளைக்கு விழத்தானே போறேன்? விழுந்த பொறகு கேட்டா யாரு குடுப்பா?"

"எங்கிட்ட கேட்டிருக்கலாமேடி."

"கேட்டா குடுத்திருப்பியா?"

கொடுத்திருக்க மாட்டேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவள் இடுப்பில் கை வைத்துக் கத்தினாளே, அந்த இடம் என்னுடைய இடம். சாயங்காலங்களில் எண்ணெய் போட்டு அவள் விரல் கண்டுபிடித்த இடம். துணியை மாற்றியதைக்கூட மறந்துவிடுவேன் போலிருக்கிறது, என் வலியை எடுத்துக்கொண்டுபோய் என் முன்னாலேயே நடித்ததை என்னால் மறக்க முடியவில்லை.

மிஸ் என்னை வெளியே கூட்டிப்போனார். துரையிடம் உண்மையைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. இப்ப இதைச் சொன்னால் எல்லாற்ர பெல்ட்டும் மாறியிருக்கும் எண்டு சொல்லுவினம். முழு வேலையும் பிழையாப் போயிடும். இன்னும் வேற தோட்டங்களிலயும் தொடங்க இருக்கிறம்."

"யாருக்கும் காட்டமாட்டேன்னீங்களே மிஸ். காட்டினதும் நீங்க, இப்ப மறைக்கச் சொல்றதும் நீங்க. என் முதுகு பிழையாப் போனா பரவாயில்லையா?"

மிஸ் போனைப் பைக்குள் வைத்தார். பஸ் ஏறும் முன் ஒரு நீல நிற யோகா பாயை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதை எங்கள் லயத்து நாய்க்கு விரித்தேன். மறுநாள் கணக்கப்பிள்ளையிடம் நானே போய்ச் சொன்னேன். துணி மாறியதற்குப் போன் என்ன செய்யும் என்று கேட்டு அவர் சிரித்தார். அதோடு அந்தக் கதை அவருக்கு முடிந்துவிட்டது.

இப்போதும் வேலை முடிந்து வந்து காம்பராவில் பாய் விரித்து அதே ஆசனங்களைச் செய்கிறேன். பெல்ட் இல்லை. எந்த இடத்தில் அதிர்ந்திருக்கும் என்று தெரியும், அங்கே நிறுத்திக்கொள்கிறேன். அதனால்தான் இன்னும் நடமாடுகிறேன் என்று நினைக்கிறேன். ஆனால் மலையில் கூடை நிறையும்போது நிறுத்த முடிவதில்லை.

காலையில் மகனைப் பிள்ளை மடுவத்தில் விட வேண்டும். வாசலில் அவள் நிற்பாள். அவனை ஒரே தூக்காகத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். அவனும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிப்பான். என்னைத் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

"முதுகப் பாத்துக்கடி" என்பாள். அக்கறையோடுதான் சொல்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறுகிறேன். நாள் முழுக்க என் பிள்ளையை அவள் நன்றாகப் பார்த்துக்கொள்வாள் என்று நம்பித்தான் ஏற வேண்டியிருக்கிறது. விட்டுவிட்டு வர வேறு இடம் இல்லை.

சாயங்காலம் அவனை வாங்கப் போகும்போது, அவன் பையில் இருக்கும் மஞ்சள் முடிச்சைத்தான் முதலில் பார்க்கிறேன். அதற்குப் பிறகுதான் அவன் முகத்தை.